கிளிக்கு யார் இரை வைப்பது? பழங்கதையை மிகுபுனைவாக மாற்றி எழுத வருகிறவர்களுக்கு

ஏழு கடல், ஏழு மலை தாண்டி, ஒரு மரப்பொந்தில் இருக்கிற கிளிக்குள் மந்திரவாதியின் உயிர் இருக்கிறது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நாம் சொல்லிவிடுகிற கதை. மிகுபுனைவு (ஃபேன்டசி) எழுத வருகிறவர்கள் பலரும் இப்படி ஒரு கதையில்தான் முதலில் கைவைக்கிறார்கள். கைவைத்ததும் செய்வதும் பெரும்பாலும் ஒன்றுதான்: கிளியைத் தூக்கிவிட்டு அங்கே ஒரு கம்ப்யூட்டரை வைப்பார்கள். மந்திரக்கோல் போய் லேசர் வரும், மூலிகை போய் ஊசி வரும். சாமான்தான் மாறியிருக்கும், கதை அப்படியே கிடக்கும். நானும் அப்படி நாலைந்து கதை எழுதிக் கிழித்துப் போட்டிருக்கிறேன்.

அப்புறம் ஒருநாள் அசட்டுத்தனமாக ஒரு கேள்வி வந்தது. அந்தக் கிளிக்கு யார் இரை வைக்கிறார்கள்? மந்திரவாதி இங்கே இருக்கிறான், கிளி அங்கே. இத்தனை வருஷமாக அது எப்படி உயிரோடு இருக்கிறது?

பழங்கதையில் இதைக் கேட்டால் பாட்டி தலையில் குட்டுவாள். மந்திரத்துக்குப் பராமரிப்பு கிடையாது. ஆனால் கிளியின் இடத்தில் ஒரு கருவியோ மருந்தோ வந்த நிமிஷம், அதைச் சார்ஜ் போட ஒருவர் வேண்டும், பழுது பார்க்க ஒருவர், கெட்டுப்போகாமல் குளிரில் வைக்க ஒருவர், கையெழுத்துப் போட ஒருவர். புதுக்கதை அந்த ஆட்களிடம்தான் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகிற படிகள் எல்லாமே அவர்களைக் கண்டுபிடிக்கிற வழிகள்.

முதல் படி: கதையை எலும்பாக்குங்கள்

புத்தகம் பார்க்காமல் சொல்ல வருகிற ஒரு கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து சின்ன வாக்கியங்களில் எழுதுங்கள். வாக்கியத்துக்கு ஒரு செயல், வர்ணனை வேண்டாம்.

கிளிக் கதை இப்படி வரும். மந்திரவாதி இளவரசியைத் தூக்கிப்போகிறான். வெட்டினாலும் அவன் சாவதில்லை. இளவரசி நைச்சியமாகப் பேசி உயிர் எங்கே என்று கேட்கிறாள். இரண்டு தடவை பொய் சொல்கிறான். மூன்றாம் தடவை உளறிவிடுகிறான். இளவரசன் போய்க் கிளியைப் பிடிக்கிறான். சிறகைப் பிய்த்தால் மந்திரவாதியின் கை போகிறது. காலை முறித்தால் கால் போகிறது. கழுத்தைத் திருகுகிறான். அவ்வளவுதான்.

இதே கதை வேறு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ரஷ்யாவில் கோஷெய் என்ற சாகாத கிழவனின் உயிர் ஓர் ஊசி முனையில். ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள், முயல் பெட்டிக்குள், பெட்டி ஒரு தீவின் ஓக் மரத்தடியில். உலக நாட்டார் கதைகளுக்கு எண் போட்டு வகைப்படுத்திய பட்டியல் ஒன்று இருக்கிறது. பின்லாந்தின் ஆன்டி ஆர்னே 1910-ல் தொடங்கினார். அமெரிக்கரான ஸ்டித் தாம்ப்சன் 1928-லும் 1961-லும் விரித்தார். 2004-ல் ஹான்ஸ்-யோர்க் ஊத்தர் திருத்தி வெளியிட்டார். அதில் நம் மந்திரவாதி 302-ஆம் எண்ணில் இருக்கிறான்.

இந்தப் பட்டியல் உங்களுக்கு எதற்கு? எது எலும்பு, எது சதை என்று அது காட்டிக்கொடுக்கும். ஊருக்கு ஊர் கிளி மாறுகிறது. முட்டை ஆகிறது, ஊசி ஆகிறது. ஆனால் ஒரு பெண் பேசிப்பேசி ரகசியத்தைக் கறக்கிற இடம் திரும்பத் திரும்ப வருகிறது. ஆக, அதுதான் எலும்பு. புதிதாக எழுதுகிறவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்: கிளியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு இளவரசியின் பேச்சை வெட்டிவிடுகிறார்கள். "உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்?" என்று அவள் கண்ணைக் கசக்குகிறாளே, இன்றைக்குப் போனில் கூப்பிட்டு ஓடிபி கேட்கிறவன் செய்வதும் அச்சு அசலாக அதுதான். பூட்டை உடைப்பதைவிடச் சாவிக்காரனைப் பேசவைப்பது சுலபம். தொழில்நுட்பக் கதைக்குத் தேவையான இந்தச் சங்கதி பழங்கதைக்குள்ளேயே இருக்கும்போது அதைத் தூக்கி எறிவானேன்?

ஒரு சின்ன எச்சரிக்கை. நாட்டார் கதை பொதுச்சொத்து. ஆனால் ஒருவர் தன் மொழியில் திரும்பச் சொல்லி எழுதிய வடிவம் அவருடையது. எலும்பை எடுங்கள், அவர் போட்ட சதையைத் தொடாதீர்கள். ஒரு சமூகம் இன்னும் கும்பிடுகிற கதையாக இருந்தால், அவர்களில் ஒருவரிடம் பேசாமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

இரண்டாம் படி: நடக்காத காரியம் ஒன்று போதும்

எலும்பில் நடக்கவே முடியாத விஷயங்களுக்கு அடிக்கோடு போடுங்கள். அதில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். மற்றதை நிஜ உலகம் பார்த்துக்கொள்ளட்டும். கிளிக் கதையில் அது "உயிர் உடம்புக்கு வெளியே இருக்கிறது" என்பது. பறக்கும் கம்பளம், பேசும் மரம், காலப்பயணம் எல்லாவற்றையும் ஒரே கதையில் திணித்தால் வாசகர் எதையும் நம்பமாட்டார். இதற்கு மேல் இந்தப் படியில் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாம் படி: அதன் உறவுக்காரனை நிஜத்தில் தேடுங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். "உயிர் வெளியே இருக்கிறது" என்பதற்கு நிஜ உலகில் பக்கத்து உறவு எது? நான் பேஸ்மேக்கரைப் பிடித்தேன். இதயத்துக்குத் தாளம் போடுகிற ஒரு பெட்டி. உடம்புக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் உடம்பு இல்லை.

தேட ஆரம்பித்தால் வருகிற கதையைப் பாருங்கள். முழுக்க உடம்புக்குள் வைத்துத் தைத்த முதல் பேஸ்மேக்கர் 1958 அக்டோபர் 8 அன்று சுவீடனில் வைக்கப்பட்டது. நோயாளி ஆர்னே லார்ஸன், வயது 43. கருவியைச் செய்தவர் ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற பொறியாளர், வைத்தவர் ஓகே சென்னிங் என்ற அறுவை மருத்துவர். கருவியைச் சுற்றிப் பிசினை ஊற்றி வார்க்க அச்சு வேண்டும். எல்ம்க்விஸ்ட் ஒரு ஷூ பாலீஷ் டப்பாவை எடுத்துக்கொண்டார். மனிதர்களுக்குப் பொருத்த இன்னும் தயாராகவில்லை என்று இருவரும் தயங்கியபோது, லார்ஸனின் மனைவி எல்ஸ்-மரி ஆய்வகத்துக்கும் மருத்துவமனைக்கும் நடையாய் நடந்து நச்சரித்திருக்கிறார். எமனோடு வாதாடிய சாவித்திரி என்று நமக்கு ஒரு கதை இருக்கிறதே, அது நினைவுக்கு வராமல் போகுமா? முதல் கருவி சில மணி நேரத்தில் நின்றுபோனது. மாற்று ஒன்றை வைத்தார்கள். லார்ஸன் 2001 வரை வாழ்ந்தார், 86 வயது. அதற்குள் மொத்தம் 26 கருவிகள் மாற்றியாகிவிட்டது. செய்தவரும் வைத்தவரும் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்கள்.

26 கிளிகள்! மந்திரவாதி ஒரே கிளியை வைத்துக்கொண்டு என்ன பாடு பட்டான். இந்த ஒரு எண்ணே தனிக் கதை ஒன்றுக்குப் போதும்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போங்கள். பேஸ்மேக்கரின் பேட்டரியைத் தனியாக மாற்ற முடியாது. தோலைத் திறந்து பெட்டியையே மாற்ற வேண்டும். பொதுவாக மார்பின் மேல் காந்தம் வைத்தால், கருவி இதயம் சொல்வதைக் கேட்பதை நிறுத்திவிட்டு ஒரே சீரான வேகத்தில் தட்ட ஆரம்பிக்கும். அந்த வேகத்தை வைத்தே பேட்டரி தீர்கிறதா என்று தெரிந்துகொள்வார்கள். கிளியின் காலை முறித்தால் இங்கே கால் முறிகிற காட்சிக்கு இதைவிட நெருங்கிய சொந்தம் கிடைக்குமா? அப்புறம், வெளியிலிருந்து யாராவது புகுந்துவிட்டால்? அமெரிக்கத் துணை அதிபராக இருந்த டிக் சேனியின் இதயக் கருவியில் கம்பியில்லாத் தொடர்பை 2007-ல் மருத்துவர் அணைத்து வைத்தார். கொலை முயற்சிக்குப் பயந்து. 2013-ல் சேனியே அதை வெளியே சொன்னார். 2017-ல் அமெரிக்காவில் சுமார் 4,65,000 பேஸ்மேக்கர்களுக்கு மென்பொருளில் பாதுகாப்புத் திருத்தம் வந்தது. நோயாளி நேரில் வரவேண்டும், சுமார் 3 நிமிட வேலை. அந்த 3 நிமிடமும் கருவி நிமிடத்துக்கு 67 துடிப்பு என்ற காப்பு நிலையில் ஓடும். படித்ததும் எனக்கு அந்த மூன்று நிமிடத்தை விட்டு நகர முடியவில்லை. நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், திரையில் ஒரு பச்சைக் கோடு நகர்கிறது, பக்கத்தில் இருப்பவர் கொட்டாவி விடுகிறார்.

எவ்வளவு படிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். ஆய்வுக் கட்டுரைகளுக்குள் போகவேண்டாம், மூழ்கிவிடுவீர்கள். நோயாளிக்குக் கொடுக்கிற சின்னக் கையேட்டைப் படியுங்கள். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, எப்போது ஓடிவர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கதைக்குத் தேவையான பயங்களும் அங்கேதான் இருக்கின்றன. அப்புறம் அந்தக் கருவியோடு தினமும் புழங்குகிற ஒருவரிடம் அரை மணி நேரம் பேசுங்கள். "இதில் உங்களுக்கு எரிச்சல் தருவது எது?" என்று கேளுங்கள். எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் பாடம் நடத்துவார்கள்; எரிச்சலைக் கேட்டால் கதை சொல்வார்கள்.

நான்காம் படி: ஒரு பக்கத்துக்குச் சட்டம்

உங்கள் அதிசயத்துக்கு ஒரு பக்கத்தில் விதி எழுதுங்கள். அது என்ன செய்யும், என்ன செய்யாது, எதைத் தின்னும், யார் கவனிப்பது, எப்படி நிற்கும். கதையில் இந்தப் பக்கம் வராது. உங்கள் மேஜையில் மட்டும் இருக்கும்.

இதெல்லாம் அறிவியல் புனைகதைக்காரர்களின் பழக்கம், நாட்டார் கதைக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். நல்ல பழங்கதைகள் இதில் கறாரானவை. கிரேக்கக் கதையில் கிரீட் தீவைச் சுற்றிவந்து காவல் காத்த தாலோஸ் என்ற வெண்கல மனிதனுக்கு உடம்பெல்லாம் ஒரே ஒரு நரம்பு, அதைக் கணுக்காலில் ஓர் ஆணி அடைத்திருக்கும். ஆணியைப் பிடுங்கினால் உயிர்ச்சாறு வடிந்து விழுந்துவிடுவான். எண்ணெய் மாற்றுகிற திருகாணி மாதிரி! மணிமேகலையின் அமுதசுரபியைப் பாருங்கள். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம், ஆனால் கைக்கு வந்தவுடன் சுரந்துவிடவில்லை. ஆதிரை என்ற பெண் முதல் பிச்சை இட்ட பிறகுதான் அது வேலை செய்ய ஆரம்பிக்கிறது. அதிசயத்தைத் தொடக்கி வைக்க ஒரு மனுஷக் கை வேண்டும் என்று அந்தக் காப்பியத்துக்குத் தெரிந்திருக்கிறது.

ஐந்தாம் படி: நோயைத் தொடும்போது

தொழில்நுட்பத்தில் தப்பு செய்தால் வாசகர் சிரிப்பார். மருத்துவத்தில் தப்பு செய்தால் யாரோ ஒருவருக்கு வலிக்கும். அதனால் இந்தப் படியில் மெதுவாகப் போவோம்.

முதல் சறுக்கல், பழைய பேய்க்கு ஒரு நோயின் பெயரைச் சூட்டிவிட்டு "மர்மம் விலகியது" என்று கையைத் தட்டிக்கொள்வது. ரத்தக் காட்டேரிகள் உண்மையில் போர்ஃபிரியா நோயாளிகளாக இருந்திருக்கலாம் என்று 1985-ல் ஒரு வேதியியலாளர் சொன்னார். அந்த நோயின் சில வகைகளில் வெயில் பட்டால் தோல் புண்ணாகும். கேட்க நன்றாகத்தான் இருந்தது, பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. ஆனால் கிழக்கு ஐரோப்பிய நாட்டார் கதைகளின் காட்டேரி வெயிலில் கருகிச் சாவதில்லை. அந்தச் சங்கதி 1922-ல் வந்த ஒரு ஜெர்மன் மௌனப் படத்தில் வந்தது. கதைகளில் வருகிற காட்டேரி வெளுத்துப்போனவனும் இல்லை, உப்பிச் சிவந்தவன். ரத்தத்தைக் குடிப்பதால் இந்த நோய்க்கு எந்தப் பலனும் கிடையாது. ஆக, சினிமாவில் வந்த ஒன்றை வைத்துக்கொண்டு நாட்டார் கதைக்கு விளக்கம் சொல்லியாகிவிட்டது. நடுவில் அவதிப்பட்டது, ஏற்கெனவே நோயோடு போராடிக்கொண்டிருந்த மனிதர்கள். அவர்களைக் காட்டேரி என்று கேலி செய்தார்கள்.

இரண்டாவது சறுக்கல், நம்பியவர்களை முட்டாள்களாகக் காட்டுவது. 1892-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் மெர்சி பிரவுன் என்ற 19 வயதுப் பெண் காசநோயில் இறந்தாள். அம்மாவும் அக்காவும் முன்பே போயிருந்தார்கள். அண்ணன் எட்வின் இருமிக்கொண்டிருந்தான். செத்தவர்களில் யாரோ அவனைக் குடிக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தார் சொல்ல, மார்ச் மாதத்தில் உடல்களை எடுத்துப் பார்த்தார்கள். குளிர்காலத்தில் வைத்திருந்த மெர்சியின் உடல் அழுகாமல் இருந்தது. இதயத்தை எரித்துச் சாம்பலைத் தண்ணீரில் கலந்து அண்ணனுக்குக் கொடுத்தார்கள். அவன் இரண்டு மாதத்துக்குள் இறந்தான்.

காட்டுமிராண்டித்தனம் என்று சொல்லிவிடலாம். ஆனால் தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் அறிவித்தது 1882-ல். அதைக் கொல்கிற ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது 1943-ல். நடுவில் அறுபது வருஷம் காரணம் தெரியும், மருந்து கிடையாது. மெர்சியின் அப்பாவிடம் மருத்துவர் வந்து கிருமியின் பெயரைச் சொல்லியிருக்கலாம். அதைக் கேட்டுக்கொண்டு அவர் என்ன செய்வார்? நோயின் பெயர் தெரிந்து மருந்து தெரியாமல் இருக்கிற அந்த இடைவெளியில்தான் மிகுபுனைவு முளைக்கிறது. இன்றைக்கும் அப்படிப்பட்ட இடைவெளிகள் எத்தனையோ. உங்கள் கதைக்கு நிலம் வேண்டுமென்றால் அங்கே தேடுங்கள்.

சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு மறுபடி மணிமேகலைக்கே போகலாம். காயசண்டிகை என்ற விஞ்சைப் பெண் (வித்தியாதரர் என்ற தேவ இனத்தவள்), ஒரு முனிவர் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை உண்கிற நாவல்பழத்தைக் காலால் சிதைத்துவிடுகிறாள். அவளுக்குச் சாபம் யானைத்தீ. எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி. அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட சோறு அதை அணைக்கிறது. இப்போது நிஜத்துக்கு வாருங்கள். போதும் என்று மூளைக்குச் சொல்கிற லெப்டின் என்ற ஹார்மோனை 1994-ல் கண்டுபிடித்தார்கள். பிறவியிலேயே அது சுரக்காத இரண்டு குழந்தைகளைப் பற்றி 1997-ல் எழுதினார்கள், ஓயாத பசி. 1999-ல் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தினமும் லெப்டின் ஊசி போட்டதில் பசி அடங்கியது, எடை இறங்கியது.

அமுதசுரபி ஓர் ஊசியாகிவிட்டது, சரி. கதை இதோடு முடியவில்லை, இங்கேதான் ஆரம்பம். காயசண்டிகைக்கு ஒரு கவளம் போதும், சிறுமிக்குத் தினமும் வேண்டும். மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். ஊரே "தீனிக்காரி" என்று சொன்னபோது, இது குணக்கேடு இல்லை, குறைபாடு என்று முதலில் சந்தேகப்பட்டது யார்? சாபம் என்ற சொல்லைக் கதையில் வைக்கப்போகிறீர்களா? வைத்தால் யார் வாயில்? நோயைத் தண்டனையாகக் காட்டுகிற பாத்திரம் இருக்கலாம். கதையும் அவரோடு சேர்ந்து தலையாட்டக்கூடாது. இன்னொன்று: வாசகர் வீட்டில் செய்துபார்க்கக்கூடிய அளவுக்கு அளவும் கலவையும் கொடுத்துக் கற்பனை வைத்தியம் எழுதாதீர்கள். யாராவது ஒருவர் செய்துபார்ப்பார்.

ஆறாம் படி: யார் கண்ணால் பார்ப்பது

கிளிக் கதைக்கு என் முதல் வரைவு இது:

"மந்திரவாதியின் உயிர் ஏழு ஃபயர்வால்களுக்கு அப்பால், கிளி என்ற பெயருடைய குவாண்டம் சர்வரில் இருந்தது. இளவரசன் அதை ஹேக் செய்தான். மந்திரவாதி சரிந்தான்."

இதில் எல்லாம் இருக்கிறது, ஒன்றும் இல்லை. மந்திரவாதி, இளவரசன், இளவரசி மூவரையும் ஓரமாக நிற்கவைத்துவிட்டு, இரை வைக்கிற ஆளிடம் பேனாவைக் கொடுத்தேன்:

"ராத்திரி இரண்டு மணிக்குக் கிளி ஒரு தடவை கூவும். கூவினால் கிழவர் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். பதிவேட்டில் ஒரு டிக் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்வேன். பதினோரு வருஷமாக அவர் முகத்தைப் பார்த்ததில்லை. இன்று கிளியின் விளக்கு மஞ்சளாகியிருக்கிறது. மேலே யாருக்காவது சொல்ல வேண்டும். வாசலில் ஒரு பையன் வாளோடு நிற்கிறான். பசிக்கிறது போலிருக்கிறது."

குவாண்டம் காணாமல் போனதைக் கவனியுங்கள். கருவியைத் தினமும் பார்க்கிறவர் அதைத் தொழில்நுட்பப் பெயரால் நினைக்கமாட்டார். விளக்கு மஞ்சளா பச்சையா என்றுதான் நினைப்பார். மூன்றாம் படியில் சேர்த்த விவரங்களில் தொண்ணூறு சதவீதம் இப்படி உள்ளே மறைந்துவிட வேண்டும். வயிறு எரியும், பரவாயில்லை.

ஏழாம் படி: பெயர் வைப்பது

புதுச் சாமானுக்கு ஆய்வகத்திலிருந்து பெயர் எடுக்காதீர்கள். ரோபோ என்ற சொல்லே ஒரு நாடகத்திலிருந்து வந்தது. 1920-ல் செக் எழுத்தாளர் கரெல் சாபெக் எழுதியது. சொல்லை எடுத்துக்கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெஃப். ரொபோட்டா என்றால் அவர்கள் மொழியில் பண்ணையாருக்குச் செய்கிற கட்டாய உழைப்பு. நம்மிடமும் அதற்கு ஒரு சொல் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் வருகிற "வெட்டி" என்பது கூலியில்லாக் கட்டாய வேலைதான். உங்கள் கதையில் எந்திர மனிதனை வெட்டி என்று கூப்பிட்டால் வாசகர் முதலில் சிரிப்பார், அப்புறம் கொஞ்சம் சங்கடப்படுவார். இரண்டும் உங்களுக்கு லாபம். பழைய தொழில், பழைய கருவி, பழைய வரி, இவற்றின் பெயர்களை ஒரு நோட்டில் சேர்த்து வையுங்கள்.

எட்டாம் படி: இரண்டு பேரிடம் கொடுங்கள்

ஒருவர் பழங்கதை தெரிந்தவர், மற்றவர் கருவியோ மருந்தோ தெரிந்தவர். இலக்கிய நண்பர்கள் அப்புறம். முதலாமவருக்குப் படித்துக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். எங்கே அவர் "ம்" கொட்டுவதை நிறுத்துகிறாரோ அங்கே கோடு போடுங்கள். இரண்டாமவரிடம் "சரியாக இருக்கிறதா" என்று கேட்க வேண்டாம், மரியாதைக்குச் சரி என்பார். "இந்த ஆள் உங்கள் இடத்தில் வேலை பார்த்தால் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்?" என்று கேளுங்கள்.

கிளிக் கதையை நான் செவிலியர் வேலை பார்க்கிற ஓர் அக்காவிடம் கொடுத்தேன். மந்திரவாதியைப் பற்றியோ வாளைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. "ரெண்டு மணிக்கு டிக் போடுறா, சரி. காலையில ஷிஃப்ட் மாறுமே, அடுத்த ஆள்கிட்ட அந்த மஞ்சள் விளக்கைப் பத்தி என்ன சொல்லிட்டுப் போவா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. கதையின் இரண்டாம் பாதியை எடுத்து வைத்துவிட்டு, காலை ஆறு மணியிலிருந்து மறுபடி எழுத ஆரம்பித்திருக்கிறேன். பையன் இன்னும் வாசலில்தான் நிற்கிறான்.